மாடு வெருளாத கார்

கராஜுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஐயா, உங்கடை காலத்திலை ஆகக் கஷ்டமான வேலை எது?" என்பதுதான். எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய கதை ஏதாவது வரும் என்று எதிர்பார்ப்பார்கள். நான் ஒரு காரின் சத்தத்தைக் குறைத்த கதையைத் தொடங்குவேன். முகத்தில் ஏமாற்றம் தெரியும். சத்தம் என்ன பெரிய விஷயம், சைலன்சர் ஒன்று வாங்கிப் பூட்டினால் போயிற்று என்று நினைப்பார்கள். இப்போது தொழில் பழகும் உங்களுக்குக் கடை இருக்கிறது, சாமான் இருக்கிறது, சத்தத்தை அளக்கிற கருவிகூட வந்துவிட்டதாம். எங்களிடம் இரண்டு காதுகள் இருந்தன. அதிலும் என்னுடைய இடது காது சுத்தியல் அடி கேட்டுக் கேட்டுப் பாதி போய்விட்டது.

பெருமைக்காக இதை எழுதவில்லை. அந்த வேலையில் மூன்று தடவை கை வைத்தேன். முதல் இரண்டு தடவையும் விட்டவை கைப்பிழைகள். அவற்றைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். மூன்றாம் தடவை என் கை ஒரு பிழையும் விடவில்லை. அதைப்பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே எங்கள் தீவில், ஊர்காவற்துறையிலிருந்து கரம்பொன் போகும் வீதியில், நாலு பனங்கம்பத்தின்மேல் தகரம் போட்ட கொட்டகைதான் என் கராஜ். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றிருந்த காலம். ஓடும் காரிலிருந்து ஒரு ஆணி கழன்று விழுந்தால், விழுந்த இடம் தேடி வீதியில் குனிந்துகொண்டு நடப்போம்.

கரம்பொனில் ஒரு டொக்டரம்மா இருந்தார். ஐம்பதை நெருங்கிய வயது, தனி ஆள். காலையில் ஊர்காவற்துறையில் தன்னுடைய டிஸ்பென்சரியில் இருப்பார். பின்னேரம் மூன்றரைக்குப் புறப்பட்டுப் புளியங்கூடல் வரை போய், நாரந்தனையால் சுற்றிக்கொண்டு வீடு திரும்புவார். எங்கள் பக்கத்தில் வீடு தேடிப் போய் நோயாளியைப் பார்க்கிற டொக்டர் அவர் ஒருவர்தான். அவருடைய பழைய கார் ஒரு சின்னப் பாகம் கிடைக்காமல் என் கண் முன்னாலேயே செத்துப்போனது. மாற்றுக்கு இன்னொரு கார் வாங்க வழியில்லை. கிடைத்தது, சீமைக்குப் போய்விட்ட அவருடைய தம்பியார் கொழும்பில் விட்டுவிட்டுப் போன கார்.

அது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், கூரை இல்லை, இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். அதற்குள் வெள்ளைச் சேலையும் கொண்டையுமாக டொக்டரம்மா. பக்கத்து ஆசனத்தில் மருந்துப் பெட்டி. தீவில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் நாலு பேர் இருந்திருந்தால் அது ஆச்சரியம். தம்பியார் கார்ப் பந்தய மோகத்தில் சைலன்சரை வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போட்டிருந்தார். காற்றை வடிகட்டும் பெட்டியையும் கழற்றிவிட்டிருந்தார். ஸ்ராட் பண்ணினால் கராஜ் தகரம் நடுங்கும்.

"தம்பி, நான் வாறது கடலுக்கு அங்காலை நயினாதீவுக்கும் கேக்குதாம். அங்கை கோயில் மணியை அடிக்கத் தேவையில்லை எண்டு பகிடி பண்ணுகினம்," என்பார் டொக்டரம்மா. அவருக்கு வெட்கம். ஊருக்கோ அந்தச் சத்தம் பழகிவிட்டது.

பழகிவிட்டது என்று சொன்னால் போதாது. எங்கள் தரை தட்டையானது. மலை கிடையாது, மரம் என்றால் பனை. சத்தத்தை மறிக்க ஒன்றும் இல்லை. கார் ஒரு ஊரைத் தாண்டும்போதே அடுத்த ஊருக்குக் கேட்கும். கேட்டதும் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கைகளுக்குள் இருந்து ஆட்கள் புறப்படுவார்கள். கிழவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவர் வருவார், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி வருவா. அவர்கள் வீதிக்கு வந்து சேரவும் கார் வந்து சேரவும் சரியாக இருக்கும். என் கராஜிலும் இரண்டு மூன்று பேர் வந்து காத்திருப்பார்கள். "இருங்கோ, இன்னும் சத்தம் கேக்கேல்லை," என்று நானே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, தினமும் சொல்லியிருக்கிறேன். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

ஒரு பின்னேரம் புளியங்கூடல் திருப்பத்தில் பனையோலை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எதிரே வந்தது. மாடுகள் கார்ச் சத்தத்தில் வெருண்டு பாய்ந்தன. வண்டி பள்ளத்துக்குள் சரிந்தது, வண்டிக்காரருக்குக் கால் முறிந்தது. டொக்டரம்மா அந்த இடத்திலேயே இறங்கி, மட்டையை வைத்துக் காலைக் கட்டி, தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஆசுப்பத்திரியில் விட்டார். வண்டிக்காரர் அங்கே படுத்திருந்தபடியே பொலிசுக்கு ஆள் அனுப்பி, கட்டிவிட்டவர் மேலேயே முறைப்பாடு கொடுத்தார். பிழை என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் கால் ஒன்றுதானே மிச்சம்.

பொலிஸ் சார்ஜன் டொக்டரம்மாவை மதிக்கிறவர். ஆனாலும் சட்டம் சட்டம்தான். "ஒரு மாதம் தாறன் அம்மா. அதுக்குள்ளை சத்தத்தை அடக்குங்கோ. இல்லாட்டி காரை றோட்டிலை விட ஏலாது," என்று சொல்லிவிட்டார்.

டொக்டரம்மா நேரே என்னிடம் வந்தார். கார் இல்லையென்றால் பின்னேரச் சுற்று இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் தமக்கையார் "உந்தத் தீவுக்குள்ளை கிடந்து என்ன செய்யிறாய், இஞ்சை வந்திடு" என்று வருஷக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தார். "கார் நிண்டால் நானும் போயிடுவன் தம்பி. சைக்கிளிலை திரியிற வயசு எனக்கு இல்லை," என்றார். ஆக, என் கையில் வந்து சேர்ந்தது ஒரு கார் மட்டும் அல்ல, ஊரின் டொக்டர். அது எனக்கு அப்போதே விளங்கியது. அதனால்தான் அவசரப்பட்டேன்.

முதல் வேலை ஆழம் தெரியாமல் காலை விட்ட வேலை. பழுதாய்ப்போன உழவு இயந்திரம் ஒன்றின் சைலன்சரை எடுத்து, அதற்குள் இன்னும் மூன்று தட்டு வைத்து ஒட்டி, காரின் கீழே பூட்டினேன். சத்தம் நன்றாக அடங்கியது. நானும் மீசையைத் தடவிக்கொண்டேன். மறுநாள் டொக்டரம்மா மருந்து எடுக்க யாழ்ப்பாணம் போனார். திரும்பி வரும்போது பண்ணைப் பாலத்தில், இரண்டு பக்கமும் கடலாக, கார் கொதித்து நின்றுவிட்டது. புகை வெளியே போக வழியில்லாமல் எஞ்சின் மூச்சு முட்டிவிட்டது. மருந்துப் பெட்டிகளோடு பஸ் ஏறி வந்து என் கராஜ் வாசலில் இறங்கினார். முகத்தில் வெயில் சுட்ட சிவப்பு.

"தம்பி, சத்தம் இல்லைத்தான். காரும் இல்லை."

வாயைப் பொத்தினால் யாரும் பேசாமல் இருப்பார்கள், மூச்சும் விடமாட்டார்கள். இந்தத் தொழிலில் எதை அடைக்கப் போனாலும் முதலில் அது எதற்காகத் திறந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு தட்டை வெட்டி எடுத்தேன். கார் ஓடியது, பாதிச் சத்தம் திரும்பி வந்தது. பத்து நாள் போய்விட்டது.

இரண்டாம் வேலைதான் நீங்கள் சிரிக்க வேண்டிய இடம். மிச்சச் சத்தம் எஞ்சினை மூடும் பொனற்றுக்குக் கீழிருந்து வருகிறது என்று முடிவு செய்தேன். அதற்குக் கம்பளி போன்ற ஏதாவது வைத்து உள்ளே மெத்தை போட வேண்டும். கம்பளிக்கு எங்கே போவது? தும்பு வைத்தால் தீப்பிடிக்கும். அப்போதுதான் கடற்கரையில் காய்ந்து கிடந்த சாதாளை கண்ணில் பட்டது. கடல் ஒதுக்கிவிடும் புல் அது, எங்கள் ஆட்கள் தோட்டத்துக்குப் பசளையாகப் போடுவார்கள். நெருப்பு வைத்தாலும் இலேசில் பற்றாது. மெத்தென்று இருக்கும். காசு கேட்க ஆளில்லை. இரண்டு சாக்கில் அடைத்துத் தைத்து, பொனற்றின் உட்பக்கமும் ஆசனத்தின் பின்னாலும் கட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால் சத்தம் குறைந்தது. என்னைப்போல ஒரு மூளைசாலி இந்தத் தீவில் இல்லை என்று மூன்று நாள் நடந்து திரிந்தேன்.

நாலாம் நாள் மழை தூறியது. சாதாளை நனைந்தது, பிறகு எஞ்சின் சூட்டில் அவிந்தது. அன்று வெள்ளிக்கிழமை. டொக்டரம்மா போன வீடோ வெள்ளி செவ்வாயில் முட்டைகூடத் தொடாத சைவ வீடு. அந்த வீட்டு அம்மா படலையைத் திறந்து வந்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "டொக்டரம்மா, குறை நினைக்காதையுங்கோ, காருக்குள்ளை கருவாடு ஏதும் கிடக்கோ?" என்று கேட்டாவாம். திரும்பி வரும்போது பின்னால் இரண்டு பூனைகள் ஓடி வந்தனவாம். பூனைக் கதை டொக்டரம்மா கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். சாக்கைக் கழற்றிப் பார்த்தால், உப்பு பொனற்றின் உட்பக்கத்தைக் கரிக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வந்தது. அதைச் சுரண்டிப் பெயின்ற் பூச இரண்டு நாள். இன்னும் பதின்மூன்று நாள்தான் இருந்தது. சார்ஜன் சைக்கிளில் போகும்போது என் பக்கம் பார்த்து விரலால் எண்ணிக் காட்டுவார்.

வெட்கத்தை விட்டு இன்னொருவரிடம் போனேன். நயினாதீவுக்கு ஓடும் லோஞ்சுகள் என்ற மோட்டார் படகுகளின் எஞ்சினைப் பார்க்கிறவர் அவர். என் வயதுதான். நாரந்தனையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் வீடு. தலைமுறையாகக் கடல்தொழில் செய்த, மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரக் குடும்பம். இவர் மட்டும் வலையை விட்டு எஞ்சினைப் பிடித்தவர். இந்தக் கட்டுரையில் நான் யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை. லோஞ்ச்காரர் என்றே வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை வந்தார். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"நீர் எந்தச் சத்தத்தை நிப்பாட்டப் பாக்கிறீர்?"

"கார்ச் சத்தத்தை."

"அது ஒண்டில்லை ஐசே. ஒரு கூட்டம் நிண்டு கத்துது. ஆர் ஆர் கத்துறது எண்டு முதல் பிரிச்சுப் பாரும்."

கிணற்றுக்கென்று வாங்கி வைத்திருந்த நீளமான தண்ணீர்க் குழாயைப் புகைக்குழாயோடு பொருத்தி, மறுமுனையை வேலிக்கு மேலால் அடுத்த பனங்காணிக்குள் விட்டார். எஞ்சினை முடுக்கினோம். புகைச் சத்தம் அங்கே போய்விட்டது. ஆனால் கொட்டகைக்குள் இன்னும் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்தால் எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கும் வாய். வடிகட்டிப் பெட்டி இல்லாமல் அது அலறிக்கொண்டிருந்தது. நான் அதுவரை வெளியே விடும் மூச்சை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இழுக்கும் மூச்சுக்கும் சத்தம் உண்டு என்று ஒரு லோஞ்ச்காரர் வந்து காட்ட வேண்டியிருந்தது. பிறகு குழாயைத் தாங்கும் இரும்புப் பட்டியில் கையை வைக்கச் சொன்னார். நடுக்கம் முழங்கை வரை ஏறியது. அந்தப் பட்டி வழியாகக் கார் உடம்பு முழுவதும் பறையாக அதிர்ந்துகொண்டிருந்தது.

செய்த வேலையை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். ஓட்டை போட்ட குழாயைப் பெரிய குழாய்க்குள் வைத்து, இடையில் கடைசல் மெசினிலிருந்து விழும் இரும்புச் சீவலை இறுக்கி அடைத்தோம். காற்றுக்கு ஒரு தகரப் பெட்டி செய்தோம். இரும்புப் பட்டியைக் கழற்றிவிட்டு ரயர் றப்பரில் தொங்கவிட்டோம். லோஞ்ச்காரர் நாலு நாள் தன்னுடைய வேலை முடித்து வந்து எனக்காக நின்றார். அவருடைய மூன்று வயது மகளையும் ஒருநாள் சைக்கிளின் முன்னால் இருத்தி வந்தார். அந்தப் பிள்ளை ஓடாத காருக்குள் இருந்து ஸ்ரேறிங்கைத் திருப்பிக்கொண்டு, "பூம்... பூம்..." என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. "சத்தம் போடாதை பிள்ளை, சார்ஜன் மாமா பிடிச்சுக்கொண்டு போயிடுவார்," என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

தவணைக்கு இரண்டு நாள் முன்னதாகவே கார் தயார். சார்ஜன் சோதிக்க வந்தார். அவருடைய சோதனை எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அதே வண்டியையும் அதே மாடுகளையும் கொண்டுவந்து வீதியோரத்தில் நிறுத்தி வைத்தார். வண்டிக்காரர் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு மதகில் குந்தியிருந்தார். பாதி ஊர் கூடி நின்றது. டொக்டரம்மா வீதியின் அந்தக் கடைசித் தொங்கலில் இருந்து வந்தார், மாடுகளுக்கு நாலு முழம் தள்ளிக் கடந்து போனார். மாடுகள் தலை தூக்கவில்லை. அசை போட்டது போட்டபடி நின்றன. வண்டிக்காரர் வீதியின் மற்றப் பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், திரும்பி, "என்ன, எப்ப போனது?" என்று கேட்டார். எல்லோரும் கொல்லென்று சிரித்தோம். சார்ஜன் என் முதுகில் தட்டினார். லோஞ்ச்காரரும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள்கள் கொஞ்சம்தான்.

அந்த வண்டிக்காரர் அன்று கேட்ட கேள்வியில் எல்லாம் இருந்தது. அங்கே நின்ற இருபது முப்பது பேரில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து எண்ணெய் மாற்ற வந்த டொக்டரம்மா நல்ல மனநிலையில் இருந்தார்.

"தம்பி, ஊரிலை நோய் குறைஞ்சு போச்சு. பின்னேரத்திலை முந்தி பதினைஞ்சு பேர் நிப்பினம். இப்ப மூண்டு, நாலு பேர்தான்."

"கார்ச் சத்தத்திலை வந்த வருத்தமாக்கும் அம்மா, அது நிண்டிட்டுது," என்றேன். இருவரும் சிரித்தோம்.

உண்மையில் நடந்தது என்னவென்றால், ஒழுங்கைகளுக்குள் இருந்தவர்கள் சத்தம் கேட்கும் கேட்கும் என்று வீட்டிலேயே காத்திருந்தார்கள். கேட்கவில்லை. டொக்டரம்மா இன்றைக்கு வரவில்லையாக்கும் என்று இருந்துவிட்டார்கள். காய்ச்சலும், சளி பிடித்த தடிமனும் தானாக மாறின. யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டாராம் என்றுகூட ஒரு கதை உலாவியிருக்கிறது. என் கராஜுக்கு வரும் கிழவர்களும் குறைந்துவிட்டார்கள். காத்திருப்பவர்கள் என் வழியில் நிற்காதது எனக்கு வசதியாகவே இருந்தது.

அடுத்த கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை. லோஞ்ச்காரர் கடலில், நயினாதீவுப் பக்கம். விடியற்காலையிலிருந்தே வீட்டில் அவருடைய மகளுக்கு வயிற்றோட்டம், குடித்ததெல்லாம் வெளியே வரும் சத்தி. தாய் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துப் பார்த்தா. மத்தியானம் பிள்ளை சோர்ந்துவிட்டது. ஆசுப்பத்திரிக்கு வெயிலில் தூக்கிக்கொண்டு நடக்க மூன்று மைல். நாலு மணிக்கு டொக்டரம்மா வருவார்தானே. பிள்ளையை மடியில் வைத்து விசிறிக்கொண்டு, காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தா. சத்தம் கேட்டதும் தூக்கிக்கொண்டு ஓடினால் ஒழுங்கை முகப்பில் காரை மறிக்கலாம். எத்தனையோ தடவை அப்படி மறித்திருக்கிறா. வீதிக்குப் போய் வெயிலில் நின்று காத்திருக்கும் வழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் இருந்ததில்லை. அதற்குத் தேவை இருந்ததில்லை.

ஐந்து மணிக்கு ஒழுங்கையால் வந்த ஒருவரிடம், "டொக்டரம்மா இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டா.

"அவ எப்பவோ தாண்டிப் போயிட்டா," என்றார் அவர்.

அயலவர்கள் ஓடி ஒரு வண்டி பிடித்தார்கள். பொழுதுபடும் நேரம் ஆசுப்பத்திரி வாசலில் இறக்கும்போது பிள்ளைக்கு உயிர் இல்லை.

பெயர் சொல்லமாட்டேன் என்றேன். இந்த ஒரு பெயரைச் சொல்கிறேன். ஜெசிந்தா.

அடக்கத்துக்கு நான் போனேன். லோஞ்ச்காரரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பின்னால் நின்றுவிட்டு வந்துவிட்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. மறுநாள் டொக்டரம்மா கராஜுக்கு நடந்தே வந்தார். கார் வீட்டில் நின்றது. எண்ணெய்த் தகரம் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார்.

"நாலு இருபதுக்கு நான் அந்த ஒழுங்கையைத் தாண்டினனான் தம்பி. பெட்டிக்குள்ளை ரெண்டு சேலைன் போத்தல் கிடந்தது. ரெண்டும் அப்பிடியே கிடந்தது."

பிறகு, தான் யாழ்ப்பாணத்துக்கே போகலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். இரண்டு நாளாக ஹோர்ன் அடித்துப் பார்த்தாராம். ஹோர்ன் லொறிக்காரனும் அடிப்பான், பஸ்காரனும் அடிப்பான். வழி விடச் சொல்லும் சத்தத்துக்கு யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்? எந்தக் காரும் போடாத சத்தம் அந்தக் காரிடம் இருந்தது. அதை நான்தான் எடுத்தேன். ஆனால் திரும்பப் பழையபடி ஆக்கினால் சார்ஜன் காரை நிறுத்திவிடுவார். இன்னொரு வண்டி கவிழ்ந்தாலும் கவிழும்.

"ஒரு கிழமை தாங்கோ அம்மா, அதுக்குப் பிறகு போறதெண்டால் போங்கோ," என்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

தம்பிமாரே, தங்கைமாரே, பாடம் என்று ஒன்றை எழுதச் சொன்னால் இந்த இடத்தில்தான் எழுதுவேன். எங்களிடம் வருகிறவர் எப்போதும் வண்டியின் சொந்தக்காரர். அவருக்கு என்ன வேண்டும் என்று அவர் சொல்வார். அந்த வண்டியை நம்பி வீதியோரத்தில் இருப்பவர்கள் எங்கள் கராஜுக்கு வரமாட்டார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லவும் மாட்டார்கள். அவர்களை நாங்களாகத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். நான் வேறு யாரையும் போய்க் கேட்டிருக்கத் தேவையே இல்லை. "இருங்கோ, சத்தம் கேக்கேல்லை" என்று தினமும் சொன்ன வாய் என்னுடையது. என் காதுக்குத் தெரிந்திருந்தது. நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு வழி தோன்றியது. சைலன்சருக்கு முன்னால், குழாயின் பக்கத்தில் ஒரு துவாரம் வெட்டி, அதற்கு ஒரு மூடி போடுவது. மூடியைக் கம்பி ஒன்றால் ஆசனத்துக்கு அருகே கொண்டுவந்து, சைக்கிள் பிறேக் பிடி ஒன்றில் பூட்டுவது. பிடித்தால் மூடி திறக்கும், புகை நேரே வெளியே பாயும், பழைய சத்தம் முழுவதும் வரும். விட்டால் மூடும். வெளி கண்ட இடத்தில் திறக்கலாம், மாடு கண்டால் மூடலாம்.

காரை ஏற்றி வைத்துக் கீழே படுத்து, வெட்டுகிற இடத்தைச் சோக்கால் குறித்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் ஒன்று வந்து நின்றது. கால்களைப் பார்த்தே ஆளைத் தெரிந்தது. லோஞ்ச்காரர். அடக்கம் முடிந்து ஒரு கிழமை ஆகவில்லை. நான் வெளியே வந்து எழுந்து நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல், செய்யப்போகும் வேலையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து கீழே பார்த்தார்.

"நீர் குறிச்ச இடம் பிழை. ரெண்டு அங்குலம் முன்னாலை வெட்ட வேணும்."

"நீர் வீட்டை போம் ஐசே. இதை நான் செய்யிறன். உம்மை நான் இதுக்கு..."



"சத்தத்தை மூடேக்கை ரெண்டு பேரும்தானே மூடினனாங்கள்," என்றார் அவர். "குழாயைப் பிடிக்க ஆள் வேணும். நான் பிடிக்கிறன். நீர் வெட்டும்."

அவர் பிடித்தார். நான் வெட்டினேன். பிறேக் பிடி அவருடைய சைக்கிளில் இருந்து கழற்றியது. பிள்ளையை முன்னால் இருத்தி வந்த அதே சைக்கிள்.

பூட்டி முடித்து, டொக்டரம்மா காரில் ஏறிப் பிடியைப் பிடித்துப் பார்த்தபோது சார்ஜன் சத்தம் கேட்டு வந்துவிட்டார். வருவார் என்று தெரியும். காருக்குள் எட்டிப் பார்த்தார். பிடியைக் காட்டி, "உது என்னத்துக்கு?" என்றார். டொக்டரம்மா சொன்னார். சார்ஜன் லோஞ்ச்காரரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மாடு கண்டால் மூடுவியளோ?"

"மூடுவன்," என்றார் டொக்டரம்மா.

"மறக்கமாட்டியளே?"

"மறக்கமாட்டன்."

"அப்ப சரி," என்றுவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். அதற்குப் பிறகு அந்தக் காரைப்பற்றி அவர் பேசியதில்லை.

டொக்டரம்மா யாழ்ப்பாணம் போகவில்லை. இன்னும் ஒன்பது பத்து வருஷம் அந்தக் காரோடுதான் திரிந்தார். பிடிக் கம்பியை மூன்று தடவை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். பின்னேரத்தில் கார் புளியங்கூடல் வெளிக்கு வந்ததும் பழைய சத்தம் எழும்பும். ஆட்கள் பழையபடி ஒழுங்கைகளால் வருவார்கள். என் கராஜிலும் கிழவர்கள் வந்து இருக்கத் தொடங்கினார்கள்.

நாரந்தனையில் அந்த ஒழுங்கைக்கு அரை மைல் இருக்கும்போது டொக்டரம்மா பிடியை இறுக்கிப் பிடிப்பார். வேறெங்கும் அவ்வளவு நேரம் பிடிப்பதில்லை. சத்தம் கேட்டதும் லோஞ்ச்காரரின் மனைவி கை வேலையைப் போட்டுவிட்டு ஒழுங்கை முகப்புக்கு வந்து நிற்பா. தூக்கி வர அவவிடம் பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவும் இல்லை. ஆனாலும் வந்து நிற்பா. டொக்டரம்மாவும் தினமும் அந்த இடத்தில் காரை நிறுத்துவார். "சுகமோ?" என்று கேட்பார். "ஓம் அம்மா, சுகம்," என்று அவ சொல்லுவா. கார் புறப்பட்டுப் போய்விடும். கம்பி மாற்றியதைச் சரிபார்க்க ஒரு தடவை அந்தக் காரில் நானும் போனேன். அந்த ஒழுங்கை முகப்பில் கார் நின்றபோது, நான் குனிந்து பிடியைப் பார்ப்பது போலவே இருந்துகொண்டேன்.